வேண்டாததை எடுத்துரு

அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அதற்கு முன்னால் பதினேழு வருஷம் ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரை, அதில் துடித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கட்டம். அந்த இடத்தில் ஒரு வரி தட்டினால் ஆயிரம் பைல் இடம் மாறும். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஷெல் கமாண்டு என்பார்கள். கல்லூரியில் அது சரளமாக வந்தது எனக்கு மட்டும்தான். ரிசல்ட் வருகிற நாளில் சர்வர் படுத்துவிட்டால் பிரின்சிபாலே மாடியேறி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், தட்டிக்கொண்டே இருப்பேன். அவர் அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும்.

பிறகு கல்லூரி எல்லாவற்றையும் வெளியில் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. சர்வர் அறையில் இப்போது விளையாட்டுச் சாமான்கள் கிடக்கின்றனவாம். ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அப்புறம் எங்கள் ஊர் நூறடி ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், சொன்னால் புரிந்துகொண்டு பதில் எழுதும் ஏ.ஐ. மொழி மாடல்களைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஷெல் தெரியும் என்றதுமே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வேலை இதுதான். நாங்கள் தமிழில், வீட்டில் சொல்வதுபோல ஒரு வேலையைச் சொல்வோம். போன மாசம் வந்த கடிதங்களை மட்டும் தனியாக ஒரு போல்டரில் வை என்பதுபோல. மாடல் அதைப் படித்துப் புரிந்துகொண்டு கமாண்டு எழுத வேண்டும். அந்தக் கமாண்டை, வெளியில் எதையும் கெடுக்க முடியாதபடி அடைத்துவைத்த ஒரு பொம்மைக் கணினியில் ஓடவிடுவோம். சொன்னது நடந்ததா, சொல்லாதது எதுவும் நடந்துவிட்டதா என்று பார்த்து மார்க். மொத்தம் மூன்று மாடல்கள். அவற்றின் பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் கூப்பிடுவோம். ஆக, நாங்கள் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள். மூன்று மாடலும் தேறிவிட்டால் அந்தக் கேள்வி பிரயோஜனமில்லை. ஒன்று தேறி இன்னொன்று தவற வேண்டும், அதுதான் நல்ல கேள்வி.

முதல் நாளே ஒரு அடி வாங்கினேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. சர்வருக்கு யார் வந்துபோனார்கள் என்று குறித்துவைக்கும் லாகிலிருந்து, எந்த முகவரி திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டுகிறது என்று பொறுக்கி, எண்ணி, வரிசையாகக் காட்டுவது. அதைக் கேள்வியாகக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை நான் மூடுவதற்குள் மூன்றும் எழுதிவிட்டன. இரண்டாவது மாடல் எழுதியது என்னுடையதைவிடச் சின்னதாகவும் இருந்தது. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கடினமாக ஒன்று கொடுத்தேன். அதுவும் தேறியது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் விடை வந்தது. ஒரு இயந்திரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதை வெளியில் சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போய் வேலை எப்படி என்று கணவர் கேட்டதற்கு, சுலபமாக இருக்கிறது என்றேன்.

ஆனால் அந்தப் பொறாமை நீடிக்கவில்லை. மூன்றாவது மாதம் அவள் வந்தாள். அது அப்படியே அவள் பக்கம் திரும்பிவிட்டது.

பள்ளத்தூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவள். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கல்யாணம், திருவிழா என்றால்தான் வந்து வீட்டைத் திறப்பார்கள். யார் எந்தத் தேதியில் வருகிறார்கள், யாருக்கு எந்த அறை, போன கல்யாணத்துப் படம் எங்கே, அறுபதாம் கல்யாணச் சாந்தி அழைப்பிதழ் எங்கே, எல்லாமே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் இவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். மற்ற நாளுக்கு வேலை தேடி எங்கள் மாடிக்கு வந்திருந்தாள்.

ஷெல் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. எங்கள் டீம் லீடர் தேவகோட்டைக்காரர், பெங்களூரில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். அவளை என் பக்கத்து மேசையில் உட்காரவைத்து, நீங்கள் கேள்வியை எழுதினால் போதும், கமாண்டு தெரிய வேண்டியதில்லை என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அடுப்பே பற்றவைக்காதவளைக் கூப்பிட்டுக் கல்யாணப் பந்திக்கு மெனு போடச் சொல்வதுபோல இருந்தது.

கூட வேலை பார்க்கிற மற்றப் பெண்களை நான் வா, போ என்றுதான் பேசுவேன். இவளை மட்டும், வாங்க, சொல்லுங்க என்றேன். மரியாதை இல்லை, வேலி. அவளோ முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

அவள் எழுதிய முதல் கேள்வி எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "கல்யாண போட்டோ போல்டர்ல ஒரே படம் ரெண்டு ரெண்டு பேருல கெடக்கு. ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை எடுத்துரு. எந்தப் பேரு நல்லாருக்கோ அதை வை." அவ்வளவுதான்.

நல்ல பேர் என்றால் என்ன என்று நான் கேட்டேன். கேமரா தானாக வைக்கிற பேர் வெறும் எண்தானே, அதைச் சொல்லி யாரும் தேட மாட்டார்கள், மனுஷர் உட்கார்ந்து வைத்த பேர்தான் நல்ல பேர் என்றாள். இது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்றேன். போல்டரைத் திறந்து பார்த்தால் தெரியாதா அக்கா என்றாள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. மாடல்களுக்குப் போல்டரைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. ஓடவிட்டோம். முதல் மாடலும் மூன்றாவது மாடலும் வரிசையில் முதலில் வந்ததை வைத்துக்கொண்டன. எண்கள் முதலில் வரும். அதனால் 'மாப்பிள்ளை அழைப்பு', 'பெரியப்பா பேசுறப்ப', 'விளக்குக்கிட்ட நிக்கிறது' என்று யாரோ பார்த்துப் பார்த்து வைத்த பேர்களெல்லாம் போய்விட்டன. கேமரா எண்கள் மட்டும் மிஞ்சின. இரண்டாவது மாடல் போல்டரைத் திறந்து, பேர்களைப் படித்து, எண்களை எடுத்துவிட்டுப் பேர்களை வைத்தது. ஒன்று தேறியது, இரண்டு தவறின. கடையில் வாங்கினாலும் அப்படி ஒரு கேள்வி கிடைக்காது. லீடர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அவள் எதற்கு இவ்வளவு பாராட்டு என்று புரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் மேசைக்கு வந்ததும் மார்க் ஷீட்டைத் திறப்பேன். என் வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் வரிசையைப் பார்ப்பேன். அவளுடைய கேள்விகளில் பாதிக்கு மேல் மாடல்களைப் பிரித்துக் காட்டின. என் கேள்விகள் மூன்று மாடலிலும் தேறித் தேறி வரிசை முழுக்கப் பச்சையாகக் கிடந்தன. எங்கள் தொழிலில் பச்சை என்றால் தோல்வி. நான் கற்ற அத்தனையும் புத்தகத்திலும் இணையத்திலும் யாரோ எழுதிவைத்தது. அதையெல்லாம் அந்த மாடல்களும் படித்திருந்தன. அவள் கேட்பது எங்கும் எழுதப்படாதது. இது எனக்கு மூளையில் புரிந்தது. புரிந்ததால் பொறாமை ஒன்றும் குறையவில்லை.

அவளுடைய சின்னச் சின்ன விஷயங்கள்கூடத் தொந்தரவு செய்தன. யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பாள். கேள்வியை எழுதி முடித்ததும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள், எதிரே ஆள் நிற்பதுபோல. சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை நடுவில் வைத்து எல்லோரையும் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். அவள் புளியோதரை நன்றாக இருந்தது. நான் வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு கேள்வியையும் இன்னொருவர் பரிசோதித்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று விதி. கமாண்டு தெரிந்தவள் என்பதால் அவள் கேள்விகள் எனக்கு வந்தன. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பார்த்தேன். அப்புறம் மெல்ல மெல்லக் குறை எழுதத் தொடங்கினேன். வார்த்தை சரியில்லை. பேச்சு வழக்கு அதிகம். இரண்டு அர்த்தம் வருகிறது. சிலவற்றை அவள் திருத்தி அனுப்பினாள். சிலவற்றை விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் அடையாளம் கண்டுகொண்டேன், ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடம், புதுசாக வந்தவள் கேள்வி எதுவுமே தெளிவாக இல்லை, எல்லாம் என் தலையில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தட்டைப் பார்த்தபடியே, "கேள்வி தெளிவா இல்லையா, இல்ல அந்தப் பிள்ளையை உனக்குப் புடிக்கலையா?" என்று கேட்டார். நான் அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கேள்வி வந்தது. "இந்தப் போல்டர்ல வேண்டாததையெல்லாம் எடுத்துரு." ஒரே வரி. கூடவே பொம்மைக் கணினிக்கான ஒரு போல்டரும் தயார் செய்து அனுப்பியிருந்தாள். பழைய பிரதிகள், பாதியில் நின்ற கடிதங்கள், ஒரே அழைப்பிதழின் ஐந்தாறு திருத்தம், பேரே இல்லாத படங்கள். சரியான விடை என்னும் கட்டத்தில், "எதையும் அழிக்கக் கூடாது. எது வேண்டாம்னு திருப்பிக் கேக்கணும்" என்று எழுதியிருந்தாள்.

படித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அதுவரை எங்கள் மாடியில் யாரும் எழுதியதிலேயே நல்ல கேள்வி இது என்று. பதினேழு வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் வந்து, மேடம், வேண்டாததைத் தூக்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறைகூட நான் கேட்காமல் தூக்கியதில்லை. அழிப்பதற்கு முன்னால் கேட்பது என்னுடைய தொழில் புத்தி. அதைக் கேள்வியாக எழுத எனக்குத் தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றியிருக்கிறது. கை தானாக விசைப்பலகைக்குப் போனது. "தெளிவில்லை. திட்டவட்டமான விடை இல்லாத கேள்வி. இதைச் சோதிக்க வழியில்லை. நிராகரிப்பு."

சோதிக்க வழி இருந்தது. ஓடவிட்ட பிறகு போல்டரில் இருக்கும் பைல்களை எண்ண வேண்டும், ஒன்றுகூடக் குறைந்திருக்கக் கூடாது. மாடல் எழுதிய பதிலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் அந்தச் சோதனையை நான் எழுதியிருக்கலாம். அவளுக்கு எழுதத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அவள் பக்கத்து மேசையில் என் குறிப்பைப் படித்தாள். "சரிக்கா," என்றாள்.

மூன்று வாரம் போனது. அந்த மாதம் என் வரிசையில் ஒரு நல்ல கேள்விகூட இல்லை. லீடர் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் அனுபவத்துக்கு இன்னும் நன்றாக வர வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. மேசைக்கு வந்து நிராகரித்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். அவள் கேள்வியை எடுத்தேன். ஒரு வார்த்தையை மாற்றினேன். எண்ணிப் பார்க்கும் சோதனையை எழுதிச் சேர்த்தேன். போல்டரைப் புதிதாகச் செய்யப் பொறுமை இல்லாமல் அவளுடையதையே பிரதி எடுத்துக்கொண்டேன். என் வரிசையில் போட்டேன். பரிசோதனைக்கு வேறொரு பெண்ணிடம் போய், அன்றே தேறிவிட்டது.

முதல் மாடல் போல்டரில் பாதியை அழித்தது. மூன்றாவது மாடல் போல்டரையே மொத்தமாக அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொன்னது. இரண்டாவது மாடல் ஒரு பட்டியல் போட்டு, இதில் எதெல்லாம் வேண்டாம் என்று கேட்டது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் லீடர், எங்களிடம் கேள்விகள் வாங்கும் வாடிக்கையாளரிடமிருந்து வந்த மெயிலை வாசித்தார். இந்த ஒரு கேள்வியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மெயிலில் என்ன எழுதியிருந்தது என்று கவனமாகக் கேட்டேன். கேள்வி நிஜமான ஒரு மனுஷர் சொல்வதுபோல இருக்கிறது, இதுபோல இன்னும் வேண்டும் என்று எழுதியிருந்தது. சோதனை எழுதிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதாவது, பாராட்டு முழுக்க அவள் எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான். திருடிய பிறகும் அது எனக்கு வந்து சேரவில்லை. கூட்டம் கலைந்ததும் அவள் பக்கத்தில் வந்து, "நல்லாருக்குக்கா," என்றாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அன்று எனக்கு அவள்மேல் இருந்த பொறாமை அதற்கு முன்பு எப்போதையும்விட அதிகமாக இருந்தது.

நான்கு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வரும்போது, அவள் பள்ளத்தூர் பஸ்ஸுக்காக ஒரு பழக்கடை நிழலில் நின்றிருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி, அந்தக் கேள்வி உங்களுடையது, நான் எடுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றாள். "போல்டரைப் பாத்தேன். அதுல உள்ள பேரெல்லாம் நான் வச்ச பேரு."

பிறகு ஏன் லீடரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"நீங்க தெளிவில்லைன்னு எழுதியிருந்தீக. எனக்கு இந்த வேலை வராது போலன்னு நெனச்சேன். வீட்டுலயும் அதைச் சொன்னேன். அப்புறம் அதே கேள்வி நல்லாருக்குன்னு மெயில் வந்துச்சு. சரி, நம்ம எழுதுனது தப்பில்லைன்னு ஆச்சு. அதுவே எனக்குப் போதும்னு இருந்துட்டேன்."

அவள் இப்போது என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தெரியாமத்தான் தெளிவில்லைன்னு எழுதுனீகளா, தெரிஞ்சே எழுதுனீகளா?"

"தெரிஞ்சேதான்," என்றேன்.

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இங்குட்டுத் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் லீடரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஷீட்டில் அந்தக் கேள்விக்கு எதிரே இருந்த என் பேரை எடுத்துவிட்டு அவள் பேரைப் போட்டார். வாடிக்கையாளருக்கும் எழுதினார். அவள் கேள்விகளைப் பரிசோதிக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, நிராகரித்தவை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லி வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். அதில் எட்டுக் கேள்விகள் நன்றாக இருப்பதாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது மாடியில் எல்லோருக்கும் தெரிந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ குடிக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுவார்கள், அதை மட்டும் கொஞ்ச நாள் மறந்துவிட்டார்கள்.

அவள் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அக்கா என்பது போய் மேடம் என்று ஆனது. நான் அவளிடம் முதலில் போட்ட வேலியை இப்போது அவள் போட்டிருந்தாள், என்னுடையதைவிட உயரமாக. எனக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டாலும், அவள் மற்றவர்களை அக்கா என்று கூப்பிடும்போது காது அங்கே போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து அவளே என் மேசைக்கு வந்து நின்றாள். வாடிக்கையாளர், நிஜமான ஒரு போல்டர் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து ஒரு தொகுதிக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். கண்டனூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி செய்யலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். படங்களும் கடிதங்களும் வேண்டாம், பேர்கள் மட்டும் போதும். பேர்களைப் பட்டியல் எடுத்து, அதே பேரில் வெறும் பைல்கள் செய்ய வேண்டும். அதற்கு ஷெல் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டுக்கார ஆச்சியிடம் போனில் அனுமதி வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா மேடம் என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். வேறு யாரையாவது கூப்பிடலாமே என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

கண்டனூர் வீட்டின் ஆபீஸ் அறை பின்கட்டில் இருந்தது. கம்ப்யூட்டரின் மேல் துணி போட்டு மூடியிருந்தாள். திறந்து காட்டினாள். நான் பார்த்ததிலேயே மிக மோசமான போல்டர் அது. பன்னிரண்டு வருஷமாகப் பத்துப் பதினைந்து கைகள் வைத்த பேர்கள். 'ஆச்சி பாக்கணும்', 'ஆச்சி பாத்தாச்சு', 'கடைசி', 'நெசமாவே கடைசி', 'மலேசியா அண்ணன் அனுப்பினது இல்ல'. நடுநடுவே இடம் விட்ட பேர்கள், புள்ளி வைத்த பேர்கள், ஆச்சரியக்குறி போட்டு முடிகிற பேர் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு கமாண்டைக் கவிழ்க்கும். எனக்கு அதைப் பார்த்ததும் வாயில் நீர் ஊறாத குறைதான். பதினேழு வருஷம் நான் பார்த்த சர்வர்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன, நான்தான் சுத்தமாக வைத்திருந்தேன். இவளுக்கு இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு குப்பைப் போல்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பட்டியல் எடுத்து முடித்தேன். பழக்கதோஷத்தில் கை அடுத்த வரியையும் தட்டத் தொடங்கியது. பேர்களில் இருக்கும் இடைவெளிகளையெல்லாம் கோடாக மாற்றுகிற கமாண்டு. பேர்கள் சீராகிவிடும், பிறகு எந்த வேலையும் சுலபம். அவளுக்கு அந்த வரி புரிந்திருக்காது. ஆனால் எதையோ மாற்றப்போகிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை அப்படியே விட்டுருங்க," என்றாள். "ஆச்சி போன்ல இந்தப் பேரைச் சொல்லித்தான் கேப்பாக. 'நெசமாவே கடைசி'யை அனுப்புன்னா, அந்தப் பேருலயே இருக்கணும். நீங்க மாத்திட்டா எனக்கே தேடத் தெரியாது."

வரியை அழித்தேன். கேட்காமல் எதையும் தொடமாட்டேன் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். கேட்காமல் போல்டரையே அழித்த மூன்றாவது மாடலைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்திருந்தோம்.

அந்த வீட்டுப் பேர்களை வைத்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொகுதி தயாரித்தோம். கேள்வி அவளுடையது, சோதனை என்னுடையது. ஷீட்டில் அவள் பேர் முதலிலும் என் பேர் அடுத்ததாகவும் இருந்தது. மூன்று மாடலுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டாவது மாடல்கூட ஆச்சரியக்குறி போட்ட பேரில் தடுக்கி விழுந்தது. அடுத்த ஒப்பந்தம் வந்தபோது லீடர் கேள்வி எழுதுகிறவர்களுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டார். நான் இப்போது அவள் சொல்லும் வேலையைச் செய்கிறேன். யாராவது என்னிடம் கேட்டால் அது நியாயம் என்றுதான் சொல்வேன். இன்னும் காலையில் ஷீட்டைத் திறந்ததும் என் கண் அவள் வரிசைக்குத்தான் முதலில் போகிறது. முன்பு அவள் வரிசையும் பச்சையாகியிருக்காதா என்று பார்ப்பேன். இப்போது அது பச்சையாக இருந்தால், என் சோதனையில் ஓட்டையா என்று ஒரு பயமும் சேர்ந்துகொள்கிறது. மற்றபடி பெரிய மாற்றமில்லை.

சமீபத்தில் ஒரு மத்தியானம் அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை. அவள் கமாண்டு எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் இரண்டாவது மாடலைத் திறந்துவைத்து, இது ஏன் இப்படி, இந்தக் கோடு எதற்கு, இதை விட்டால் என்ன ஆகும் என்று வரிவரியாகத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அரிசி மூட்டை, சாக்கு என்று உதாரணம் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு மாதமாக நடக்கிறது போல, பக்கத்தில் நோட்டுப் புத்தகம் பாதி நிரம்பியிருந்தது. எனக்குள் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தண்ணீர் பாட்டிலோடு இந்த மாடலின் சின்ன வரியைப் பார்த்தபோது எங்கே பட்டதோ, அதே இடத்தில்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றேன். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வேலையா இருந்தீக. அதோட, ஒரே கேள்வியை நாலு தரம் கேப்பேன். இது அலுத்துக்காதுக்கா."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நான் அலுத்துக்கொண்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது தடவையிலேயே அலுத்துக்கொண்டிருப்பேன். அவள் அடுத்த கேள்வியைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். வழக்கம்போல வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தட்டினாள்.